கொப்பியை மூடிய பிறகு

பதினோராம் தரக் கணிதப் புத்தகத்தைத் திறந்தால் ‘மீட்டற் பயிற்சி’ என்ற தலைப்பு அடிக்கடி கண்ணில் படும். பிள்ளைகள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தெரிந்ததைத்தானே கேட்கிறார்கள் என்ற நினைப்பு. அந்தச் சொல்லைத் தெரிந்தெடுத்தவர் யாரோ, விடயம் தெரிந்தவர். அடகு வைத்த நகையை மீட்கிறோம். அதற்குக் கடைக்குள் போக வேண்டும், காசைக் கட்ட வேண்டும், நகை கைக்கு வர வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்று “என்ர சங்கிலி உள்ளுக்குத்தான் கிடக்கு” என்று பார்த்துவிட்டு வந்தால் அதை யாரும் மீட்டதாகச் சொல்வதில்லை.

பள்ளிக்கூடங்களில் இன்னொரு சொல்லும் புழங்குகிறது: மீள்பார்வை. திரும்பப் பார்ப்பது. பரீட்சை நெருங்கும்போது எங்கள் பிள்ளைகள் செய்வது அநேகமாக இதுதான். செய்துவிட்டு, மீட்டல் நடந்துவிட்டதாக நம்பிக்கொள்கிறார்கள்.

மண்டூரில் இருந்து குருமண்வெளிக்குப் பாதையில் வந்துகொண்டிருந்தேன். (வெளியூர் ஆட்களுக்கு: எங்கள் பக்கம் ‘பாதை’ என்றால் மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற மிதவை. மனிதர், சைக்கிள், மோட்டார் சைக்கிள் எல்லாம் அதில் ஏறும்.) களுவாஞ்சிகுடிக்கு ரியூசனுக்குப் போகிற ஒரு பையன் பக்கத்தில் நின்று விஞ்ஞானக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தான். பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர்.

“எப்பிடி மகன், சோதினைக்கு ஆயத்தமா?”

“ஓம் அங்கிள். எல்லாம் ரெண்டு தரம் பாத்திட்டன்.”

“சரி, கொப்பிய மூடு. இதயத்தில இருந்து சுவாசப்பைக்குக் குருதி கொண்டு போறது நாடியா, நாளமா?”

மூடினான். வானத்தைப் பார்த்தான். “வாயில நிக்குது அங்கிள், வருகுதில்ல.” பிறகு விரல் வைத்திருந்த இடத்தில் கொப்பியைத் திறந்தான். “இந்தா, சுவாசப்பை நாடி! இது எனக்குத் தெரியும்.”

அவன் பொய் சொல்லவில்லை. கண்டவுடன் அவனுக்கு அது தெரிகிறதுதான். சந்தையில் ஒருவரைக் கண்டவுடன் முகம் தெரிகிறது, பேர் மட்டும் வருவதில்லை, அது போல. முகம் தெரிவதற்கும் பேர் வருவதற்கும் மூளைக்குள் வேறு வேறு வேலை நடக்கிறது. பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் பேரைத்தான் கேட்கும். பல்தேர்விலாவது நாலோ ஐந்தோ முகங்களை வரிசையில் நிறுத்திக் காட்டுவார்கள். அமைப்புக் கட்டுரையிலும் கட்டுரை வினாவிலும் அந்த உதவியும் கிடையாது. வெற்றுக் கோடுதான்.

ஒரே பக்கத்தை மூன்றாம் தடவை வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போகும். எங்கும் தடங்கல் இல்லை. அந்த வழுக்கலைத்தான் நாங்கள் விளக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம். எனக்கும் இது நடந்தது. உயர்தரம் படிக்கும்போது மூன்று நிற மையில் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். தவணைப் பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. அதற்கான விடை வலது பக்கத்தில், கீழே, பச்சை மையில் இருக்கிறது என்பது நன்றாக நினைவு வந்தது. என்ன எழுதியிருந்தேன் என்பது மட்டும் வரவில்லை.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரத்தில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சின்னச் சின்னப் பகுதிகளை வாசிக்கக் கொடுத்தார்கள். ஒரு முறையில், வாசித்ததையே திரும்பவும் வாசிக்க வேண்டும். மற்ற முறையில், வாசித்த தாளை வாங்கிக்கொண்டு வெறும் தாளைக் கொடுத்து, நினைவில் உள்ளதை எழுதச் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்ப வாசித்தவர்களுக்கு 81 வீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75 வீதம். வாசித்தவர்கள் முன்னுக்கு. ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 42க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 56இல் நின்றார்கள்.

அந்த 81தான் ஆபத்தான எண் என்பது என் எண்ணம். பிள்ளை இரவு வாசிக்கிறது, அம்மா உடனே கேட்கிறா, பிள்ளை மணி மணியாய்ச் சொல்கிறது. வீடு முழுக்கச் சந்தோசம். பரீட்சை ஒரு கிழமைக்குப் பிறகு அல்லவா வருகிறது? அதே ஆய்வின் இரண்டாம் பகுதியில், பல தடவை வாசித்தவர்கள்தான் தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பினார்கள். நம்பிக்கை கூட, புள்ளி குறைய. ஹைலைட்டருக்கும் இதே கதிதான். 2013இல் டன்லொஸ்கியும் அவருடைய சகாக்களும் 10 படிப்பு முறைகளை எடுத்து, அவற்றைப் பற்றி வந்திருந்த ஆய்வுகளை எல்லாம் அலசினார்கள். கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் பயன் குறைந்த பட்டியலில் விழுந்தன. மேலே நின்றவை இரண்டு: தன்னைத் தானே சோதிப்பது, இடைவெளி விட்டுப் படிப்பது.

இவ்வளவு தூரம் போய் அமெரிக்கக்காரனைக் கேட்கத் தேவையில்லை என்று என் அம்மப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். அவர் கூத்துக்காரர். வடமோடிக் கூத்தில் பெரிய வேடம் கட்டியவர். எழுத்து வாசிப்பு அவருக்குச் சரியாக வராது. ஆனால் இரவு முழுக்க வட்டக்களரியில் ஆடிப் பாடி, விடியும்போதும் ஓர் அடி பிசகாமல் நிற்பார்.

கூத்து எப்படிப் பழக்குகிறார்கள் என்று பாருங்கள். முதலில் ‘சட்டம் கொடுத்தல்’. யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து, அந்தப் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும் ஆளின் கைக்குப் போகிறது. அதுவரைக்கும்தான் தாளின் வேலை. பழகுகிற களரியில் ஆட்டக்காரன் கையில் கொப்பி வைத்துக்கொள்ள முடியாது. காலில் தாளக்கட்டு, வாயில் பாட்டு, கண் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் மத்தளத்தில். ஏடு பார்க்கிறவர் ஒருவர் ஓரத்தில் கொப்பியோடு நிற்பார். அடி மறந்து ஆட்டக்காரன் திணறினால் முதல் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுப்பார். முழு அடியையும் பாடிவிட மாட்டார். ஆட்டக்காரன் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தன் நெஞ்சில் இருந்து இழுக்க வேண்டும்.

பிறகு ‘கிழமைக் கூத்து’. பேரே சொல்கிறது, கிழமைக்கு ஒரு தடவை. இடையில் ஆட்டக்காரன் வயலுக்குப் போவான், தோணியில் போவான், பாதி மறப்பான். அடுத்த கிழமை வந்து மறந்ததைத் திரும்ப எடுப்பான். சதங்கை அணிதல் முடிந்து, கடைசியில் ‘அடுக்குப் பார்த்தல்’. தொடக்கத்தில் இருந்து மங்களம் வரை அரங்கேற்றத்தில் நடப்பது போலவே முழுக்க ஆடிப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம்.

தாளை விட்டு நெஞ்சில் இருந்து எடுத்தல், இடைவெளி விட்டு எடுத்தல், கடைசியில் உள்ளது உள்ளபடி ஒரு முழு ஒத்திகை. பரீட்சைக்கு வேண்டியது இந்த மூன்றும்தான். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பக்கம் ஹிப்ழ் (குர்ஆன் மனனம்) ஓதும் பிள்ளைகளைப் பார்த்தாலும் இதே ஒழுங்குதான். புதுப் பாடத்தை உஸ்தாதுக்கு ஒப்புவிப்பதோடு விட மாட்டார்கள். பழைய பாடத்தையும் முறை வைத்து ஒப்புவிக்க வேண்டும். குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் வைத்திருக்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளை, வரலாற்றுப் பாடத்தில் நாலு திகதி நிற்குதில்லை என்று அழுவதை நான் கண்டிருக்கிறேன். மூளையில் பிழை இல்லை. ஒன்றை ஒப்புவிக்கிறது, மற்றதை வாசிக்கிறது.

சரி, இடைவெளி எவ்வளவு? மறதியை முதன்முதலில் அளந்தவர் ஜெர்மானியரான எபிங்ஹவுஸ். 1885இல் தன் முடிவுகளை வெளியிட்டார். சோதனைக்கு ஆளும் அவர்தான். பொருளே இல்லாத அசைகளைப் பாடமாக்கி, நேரம் விட்டு, திரும்பப் பாடமாக்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்குப் பார்த்தார். ஒரு மணித்தியாலத்திலேயே மிச்சம் பாதிக்கும் கீழே. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒன்று நின்றது. அதாவது மறதி முதல் நாளில்தான் வெள்ளம் மாதிரி அடிக்கிறது, பிறகு மெல்ல வடிகிறது. பொருள் உள்ள பாடம் இவ்வளவு வேகமாகப் போகாது என்றாலும் போக்கு இதுதான்.

2008இல் செபிடாவும் மற்றவர்களும் ஆயிரத்துக்கும் அதிகமான ஆட்களை வைத்து வேறு ஒரு கேள்வியைச் சோதித்தார்கள். பரீட்சை எவ்வளவு தூரத்தில் இருந்தால், முதல் படிப்புக்கும் இரண்டாவது படிப்புக்கும் இடையில் எவ்வளவு நாள் விடுவது நல்லது? சோதனை 7 நாளில் என்றால் 1 நாள். 35 நாளில் என்றால் 11 நாள். 70 நாளில் என்றால் 21 நாள். அவர்கள் சோதித்துப் பார்த்த இடைவெளிகளில் நல்லவை இவை. அப்படியே சட்டமாக எடுக்கத் தேவையில்லை. பரீட்சை தூரத்தில் இருக்கும்போது இடைவெளியும் நீளலாம், கிட்ட வரும்போது சுருங்க வேண்டும் என்பதுதான் சங்கதி.

வீட்டில் இதைச் செய்ய அட்டவணை கீறிச் சுவரில் ஒட்ட வேண்டியதில்லை. ஒட்டிய அட்டவணைகள் எல்லாம் மூன்றாம் நாளோடு பல்லிக்குச் சொந்தமாவதைப் பார்த்திருக்கிறேன். கடையில் கிடைக்கிற ஒரு நாட்காட்டி போதும். இன்று ‘இதயம்’ படித்தால், நாளைய கட்டத்தில் ‘இதயம்’ என்று எழுதுங்கள். அடுத்த கிழமைக் கட்டத்திலும், மூன்று கிழமை தள்ளியும் எழுதுங்கள். அந்த நாள் வரும்போது புத்தகத்தைத் திறக்காமல் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, தலைப்பை மேலே எழுதி, 10 நிமிடம் நினைவில் வருவதை எல்லாம் கொட்ட வேண்டும். படம், சொல், அம்புக்குறி, எதுவானாலும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் பிழைத்ததையும் வேறு நிறத்தில் நிரப்ப வேண்டும். அடுத்த தடவை அந்த வேறு நிறப் பகுதிகளில்தான் கண் போக வேண்டும். ஹைலைட்டருக்கு ஒரு நல்ல வேலை இருக்குமானால் அது இதுதான்.

முதல் தடவை தாள் பாதி வெறுமையாக இருக்கும். பிள்ளைக்கு அது பெரிய மனவருத்தம். “எனக்கு ஒண்டும் ஏறுதில்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் வாசிக்கிற பக்கம் ஓடிவிடும், ஏனென்றால் வாசிப்பது சுகம். இந்த இடத்தில்தான் வீட்டில் ஓர் ஆள் தேவை. படித்த ஆளாக இருக்க வேண்டியதில்லை. கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஏடு பார்க்கிறவர் செய்ததைச் செய்ய ஓர் அம்மம்மா போதும். திணறும்போது முதல் சொல்லை மட்டும் கொடுங்கள். முழுவதையும் சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் மீட்டலுக்குப் பெரிய எதிரி ஒரு சொல்: ‘மறுகா’, அதாவது பிறகு. மறுகா பார்ப்பம், மறுகா படிப்பம். ஐப்பசி, கார்த்திகை வரை தள்ளினால் வடகீழ்ப் பருவமழை வந்து நிற்கும். சில வருடங்களில் உயர்தரப் பரீட்சையும் நவம்பரில் வந்திருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைக்கு வருடத்து மழையில் பெரும் பங்கு கொட்டுவதும் அந்தக் காலத்தில்தான். 2024இல் நவம்பர் 25ஆம் திகதி தொடங்கிய பரீட்சை வெள்ளத்தால் 27ஆம் திகதி நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4ஆம் திகதிதான் திரும்பத் தொடங்கியது. கடைசிக் கிழமையை நம்பி வைத்திருந்த பிள்ளைக்கு அந்தக் கிழமையில் வெளிச்சம் இருக்கவில்லை, சில வீடுகளில் நிற்க இடமும் இருக்கவில்லை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைக்கு வீதி மேலால் தண்ணீர் ஓடினால் ரியூசனும் இல்லை. மழை வரும் முன்பே இரண்டு தடவை மீட்டி வைத்திருந்தவர்களுக்கு, நனையாமல் காப்பாற்ற வேண்டிய பொருள் கொஞ்சமாக இருந்தது.

பாடத்துக்குப் பாடம் மீட்டும் விதம் மாறும். கணிதத்தில் ஒரு பெரிய மயக்கம் இருக்கிறது. கூம்பின் கனவளவு என்று ஒரு பாடம் நடக்கும், அன்று 15 கணக்கும் கூம்புதான். அடுத்த நாள் கோளம், 15 கணக்கும் கோளம்தான். எல்லாம் சரியாக வரும். வராமல் எப்படி? எந்தச் சூத்திரம் போடுவது என்று யோசிக்கவே தேவையில்லையே. ரோரர், ரெய்லர் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதே கனவளவுக் கணக்குகளைத்தான் எடுத்துக்கொண்டது. வகை வகையாகப் பிரித்துச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 வீதம் சரி, எல்லா வகையையும் கலந்து செய்தவர்கள் 60 வீதம்தான். ஒரு கிழமைக்குப் பிறகு பிரித்துச் செய்தவர்கள் 20 வீதத்துக்கு விழுந்தார்கள். கலந்து செய்தவர்கள் 63 வீதம். இந்த எண்களை முதலில் பார்த்தபோது அச்சுப் பிழையோ என்று நினைத்தேன்.

எனவே மீட்டும் நாளில் கணிதப் புத்தகத்தை அலகு வரிசையில் செய்ய வேண்டாம். கூம்பில் ஒன்று, கூட்டல் விருத்தியில் ஒன்று, நிகழ்தகவில் ஒன்று, கேத்திரகணிதத் தேற்றம் ஒன்று. ஒவ்வொரு கணக்கையும் பார்த்தவுடன் ‘இது எந்த வகை?’ என்று கேட்க வேண்டி வரும். சாதாரண தரத்துக் கணித இரண்டாம் வினாத்தாளில் 12 வினாவில் 10 எழுத வேண்டும், 3 மணித்தியாலம், வினாவுக்கு 18 நிமிடம். அந்தத் தாளில் எந்த வினாவுக்கு மேலேயும் ‘இது கூம்புப் பாடம்’ என்று எழுதியிருக்காது.

வரலாறு வேறு மாதிரி. திகதிகளைப் பாக்குச் சீவல் போலத் தனித்தனியாக மென்றால் நிற்காது. இலங்கையின் அரசியல் சீர்திருத்தங்களைக் கோல்புறூக் 1833, மனிங் 1920, டொனமூர் 1931, சோல்பரி 1947 என்று வரிசையாகச் சொல்லிப் போவதை விட, ஒவ்வொன்றிலும் ‘முன்னையதில் என்ன குறை இருந்தது, இது எதைக் கூட்டியது’ என்று கேட்டால் வரிசை தானாகவே வரும். தெரிந்த இடத்தில் கட்டிப்போடவும் பாருங்கள். கல்லடிப் பழைய பாலத்தில் நடந்திருப்பீர்கள். 1924இல் கட்டி முடிந்த அந்தப் பாலத்துக்கு ‘லேடி மனிங்’ என்று பேர், அப்போது தேசாதிபதியாக இருந்த மனிங்கின் மனைவியின் பேர். 1920க்கு அடுத்து வந்த மனிங் டெவன்ஷயர் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1924. கல்லடிப் பாலம் தெரிந்த பிள்ளைக்கு இந்த ஆண்டு இனி மறக்காது. (பாலத்தைக் கடக்கும்போது பாடும் மீனைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிற சுற்றுலாப் பயணிகளுக்கும் இதைச் சொல்லலாம்.)

விஞ்ஞானத்தில் ‘ஏன்’ என்ற கேள்விதான் ஆணி. பாதையில் நின்ற பையனுக்கு நான் அடுத்துக் கேட்டதும் அதுதான். நாடி என்றால் ஒட்சிசன் கூடிய குருதி என்று படித்திருக்கிறாயே, சுவாசப்பை நாடியில் ஒட்சிசன் குறைந்த குருதி அல்லவா போகிறது, அதற்கு ஏன் நாடி என்று பேர்? அவன் யோசித்தான். இதயத்தில் இருந்து வெளியே கொண்டு போனால் நாடி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டு வந்தால் நாளம், உள்ளே போகிற குருதி எதுவாக இருந்தாலும் என்று அவனே கண்டுபிடித்தான். அரை நிமிடம் எடுத்தது. இனி அதற்கு மஞ்சள் நிறம் தேவையில்லை.

கடந்தகால வினாத்தாள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல ஆயுதம் பிழையாகப் பயன்படுவது இங்கேதான். பத்து வருட வினாத்தாள் விடையோடு சேர்ந்த புத்தகம் எல்லார் வீட்டிலும் இருக்கும். பிள்ளை கேள்வியை வாசிக்கும், உடனே கீழே விடையையும் வாசிக்கும், ‘ஓம் ஓம், சரிதான்’ என்று அடுத்ததற்குப் போகும். இரண்டு மணித்தியாலத்தில் ஒரு வருடத் தாள் ‘முடிந்துவிடும்’. இதுவும் மீள்பார்வைதான், வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. கூத்தில் அடுக்குப் பார்த்தல் என்றால் முழுக்க ஆட வேண்டும். வினாத்தாளுக்கும் அதே விதி: விடைப் பகுதியைக் கிழித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மேசையில் மணிக்கூட்டை வைத்து, தொடங்கினால் முடியும்வரை எழும்பாமல் எழுதுவது. உயர்தர உயிரியல் பகுதி 1இல் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம். வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். வீட்டில் ஒரு தடவையாவது அந்த ஓட்டத்தில் ஓடிப் பார்க்காமல் மண்டபத்துக்குப் போகிற பிள்ளை, 30ஆவது வினாவில் நிற்கும்போது நேரம் போய்விட்டதைக் கண்டு நடுங்கும்.

எழுதியதற்குப் பிறகு திருத்துவது இருக்கிறதே, படிப்பு அங்கேதான் நடக்கிறது. பரீட்சைத் திணைக்களம் புள்ளித்திட்டங்களை வெளியிடுகிறது. அவற்றோடு மதிப்பீட்டு அறிக்கைகளும் வருகின்றன. எந்த வினாவில் பரீட்சார்த்திகள் எப்படித் தடுக்கி விழுந்தார்கள் என்று அதில் இருக்கும். இந்த அறிக்கையை வாசித்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம் என்பது என் அனுபவம். ஆசிரியர்களிடம் கேளுங்கள், தருவார்கள். புள்ளித்திட்டத்தைப் பார்த்தால் ஒரு விடயம் விளங்கும். புள்ளி கையெழுத்தின் அழகுக்கு இல்லை, பந்தியின் நீளத்துக்கும் இல்லை, குறிப்பிட்ட கருத்துகளுக்குக் கிடைக்கிறது. ஒரு பக்கம் எழுதி அந்தக் கருத்துகளில் இரண்டைத் தொட்டவனுக்கு 2 புள்ளி. நாலு வரியில் நாலையும் சொன்னவளுக்கு 4. நீங்களே சிவப்புப் பேனையை எடுத்து உங்கள் விடையைத் திருத்தும்போது இது சுடும்.

ஒன்றிரண்டு புள்ளி பெரிய விடயமா என்று கேட்கலாம். சாதாரண தரத்தில் 34க்கும் 35க்கும் நடுவில்தான் சித்தி நிற்கிறது, 74க்கும் 75க்கும் நடுவில் ஏ நிற்கிறது. உயர்தரத்தில் இசட் புள்ளி, பல்கலைக்கழகத்துக்கு ஆளைத் தெரிகிற தசமப் புள்ளி. பெரும்பாலான பாடநெறிகளுக்குப் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு தழுவிய தரவரிசைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் போகிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. ஆகவே எங்கள் பிள்ளைகள் கூடுதலாக மோதுவது கொழும்போடு இல்லை. அடுத்த வாங்கில் இருக்கிற கூட்டாளியோடும், அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தோடும். அந்த மோதலில் தசமத்துக்குப் பின்னால் வருகிற எண் ஆளைத் தூக்கவும் செய்யும், விழுத்தவும் செய்யும்.

இப்போது ரியூசன். அதைத் திட்டுவது இலகு, நான் திட்டப்போவதில்லை. ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அதுதான் வகுப்பு. ஆனால் கணக்கு ஒன்று பார்க்க வேண்டும். பள்ளி விட்டு இரண்டு மணிக்கு வருகிற பிள்ளை, மூன்று மணிக்கு ஒரு கிளாஸ், ஐந்தரைக்கு இன்னொன்று, சனி ஞாயிறு முழு நாளும் என்று ஓடினால், எல்லா நேரமும் உள்ளே போடுகிற நேரம்தான். வெளியே எடுக்கிற நேரம் எங்கே? ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலமாவது யாரும் படிப்பிக்காத நேரம் வேண்டும். வெள்ளாவெளியில் இருந்தோ கொக்கட்டிச்சோலையில் இருந்தோ போய் வருகிற பிள்ளைக்கு பஸ்ஸிலும் பாதையிலும் போகிற நேரமே அதற்கு உதவும்: இன்றைக்கு சேர் சொன்னதில் மூன்று விடயம் என்ன, கொப்பியைத் திறக்காமல்.

கடைசி நேர செமினார் பற்றி ஒரு வரி. பரீட்சை நெருங்கியதும் திணைக்களம் ஒரு திகதியை அறிவித்து, அன்று நள்ளிரவில் இருந்து பரீட்சை முடியும்வரை ரியூசன், கருத்தரங்கு எல்லாவற்றையும் தடை செய்யும். பெற்றோர் சிலர் இதைப் பெரிய அநியாயமாகப் பேசுவார்கள். எனக்கு அது பிள்ளைகளுக்குக் கிடைத்த வரமாகத்தான் படுகிறது. ‘கட்டாயம் வரும்’ என்ற ஊகக் கேள்விகளைக் கேட்டுக் கலங்குகிற நேரத்தில் அவர்கள் தங்கள் சொந்தப் பிழைகளை ஒரு தடவை பார்க்கலாம்.

நித்திரையையும் சொல்லிவிடுகிறேன். 1924இல் ஜென்கின்ஸ், டலன்பாக் என்ற இருவர், படித்துவிட்டுத் தூங்கினால் குறைவாக மறக்கிறது, விழித்திருந்தால் கூட மறக்கிறது என்று காட்டினார்கள். சோதித்தது இரண்டே இரண்டு மாணவர்களை, ஆனால் அதற்குப் பிறகு வந்த ஏராளமான ஆய்வுகளும் நித்திரையின் பக்கம்தான் நிற்கின்றன. விடிய இரண்டு மணி வரை தேத்தண்ணி குடித்துக்கொண்டு முழித்திருப்பதை ஊரில் ‘நல்லாப் படிக்கிற புள்ள’ என்பதற்கு அடையாளமாக வைத்திருக்கிறோம். போன் மற்ற அறையில் கிடக்கட்டும், பத்து மணிக்குப் படுக்கட்டும். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பரீட்சை மண்டபத்தில் பகுதி 2 வினாத்தாளுக்கு வாசிக்கவென்று 10 நிமிடம் மேலதிகமாகத் தருகிறார்கள். அதை எப்படிச் செலவழிப்பது என்று அந்தப் பாதையில் வந்த பையனும் கேட்டான். முதலில் எல்லா வினாவையும் வாசி, நன்றாக வரக்கூடியதைத் தெரிவு செய் என்றேன். “மறுகா?” என்றான். மறுகா, முதலில் எழுதப் போகிற விடைக்கு என்னென்ன கருத்து என்று மனதுக்குள் எண்ணு, மூன்று கருத்து வராத வினாவை விட்டுவிட்டு அடுத்ததைப் பார். குருமண்வெளித் துறையில் பாதை முட்டியது. அவன் கொப்பியைப் பைக்குள் வைத்துவிட்டு, உதடு அசைய எதையோ எண்ணிக்கொண்டு சைக்கிளை இறக்கினான்.